கம்பி கட்டுற கதை, 540 பக்கத்துல

அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார். ஒண்ணு அட்டைப்படத்துக்கு, இன்னொண்ணு யாருக்குன்னு கடைசில சொல்றேன். நாவல் பேரை சொல்லப் போறதில்ல, ஏன்னா அரசியல் சதி த்ரில்லர்னு வர்றதுல முக்கால்வாசிக்கு இதே விமர்சனம் அப்படியே பொருந்தும், பேரை மட்டும் மாத்திக்கலாம்.

கதை இதான். ஒரு ஜனாதிபதி ஹெலிகாப்டர் விபத்துல சாகுறாரு. விபத்து இல்ல, 12 பேர் கொண்ட ஒரு ரகசிய சபை பண்ண வேலை. அந்த சபை 200 வருஷமா எல்லா நாட்டு எலெக்‌ஷனையும் ஆட்டி வைக்குது. ஹீரோ உளவுத்துறையில இருந்து துரத்தப்பட்டவன், தாடி, குடி, விவாகரத்து, எல்லாம் இருக்கு. பழைய புத்தகத்துக்குள்ள ஒரு சங்கேத கடிதம் கெடைக்குது, 200 வருஷமா எவனாலயும் உடைக்க முடியாததை இவன் காபி ஆறுறதுக்குள்ள உடைச்சுடுறான். சரி, கதைன்னா அப்படித்தான், அதை விட்டுடலாம்.

எனக்கு எங்க இடிக்குதுன்னா, நான் ஆடிட் வேலை பாக்குறவன். படிக்கும்போதே கையில பென்சில் இருக்கும், பழக்க தோஷம். சதியில யாருக்கெல்லாம் பங்குன்னு ஓரத்துல கோடு போட்டுட்டே வந்தேன். பைலட், ஹெலிகாப்டர் மெக்கானிக், வானிலை அதிகாரி, போஸ்ட்மார்ட்டம் டாக்டர், ரெண்டு நீதிபதி, ஒரு பத்திரிகை ஆபீஸ் முழுசா... 300ஆம் பக்கம் வர்றதுக்குள்ள 37 கோடு. இத்தனை பேருக்கும் யாரு சம்பளம் குடுக்குறா? எந்த கணக்கு தலைப்புல செலவு எழுதுறாங்க? ஹெலிகாப்டருக்கு பெட்ரோல் போட்ட பில்லுல கையெழுத்து யாரோடது? 540 பக்கத்துல ஒருத்தன் கூட ஒரு வவுச்சர் போடலங்க!

சிரிக்காதீங்க, நிஜ சதியெல்லாம் மாட்டினதே இந்த மாதிரி சில்லறை விஷயத்துலதான். 1972 ஜூன் 17 வாட்டர்கேட் எடுத்துக்கோங்க, அமெரிக்க ஜனாதிபதி நிக்சனோட தேர்தல் ஆளுங்க அனுப்பின கும்பல் அந்த பேர் கட்டடத்துல இருந்த எதிர்க்கட்சி ஆபீஸுக்குள்ள ராத்திரி புகுந்த விவகாரம். கதவு தானா பூட்டிக்காம இருக்க தாழ்ல டேப் ஒட்டினாங்க, ராத்திரி டியூட்டி காவலாளி பாத்து பிச்சு போட்டாரு, திரும்ப வந்து பாத்தா மறுபடியும் டேப், போலீஸுக்கு போன் போட்டுட்டாரு. மறுபடி அதே இடத்துல டேப் ஒட்டுற வில்லனை நாவல்ல எழுதினா எடிட்டரே "நம்புற மாதிரி இல்லையே"ன்னு வெட்டியிருப்பாரு. அதுக்கப்புறம் வந்ததுதான் எங்க ஆளுங்களுக்கு பிடிச்ச பார்ட், நிக்சனோட தேர்தல் நிதிக்கு வந்த 25,000 டாலர் செக் ஒண்ணு திருட போனவன் ஒருத்தனோட பேங்க் கணக்குல கெடந்துச்சு. செக்குங்க!

இன்னொண்ணு இதை விட கொடுமை. 1986, ஈரான்-கான்ட்ரா விவகாரம், அதாவது அமெரிக்க அரசு ஆளுங்க ஈரானுக்கு ரகசியமா ஆயுதம் வித்து, அந்த காசை நிகரகுவா அரசை எதிர்த்து சண்டை போட்ட கான்ட்ரா படைக்கு திருப்பி விட்டது. அந்த கான்ட்ரா படைக்கு உதவின்னு அமெரிக்க தரப்பு கமுக்கமா கேட்டதுக்கு புருனே சுல்தான் 1 கோடி டாலர் அனுப்புறாரு, இவங்க குடுத்த சுவிஸ் பேங்க் கணக்கு நம்பர்ல ரெண்டு இலக்கம் இடம் மாறிப் போச்சு, மொத்த பணமும் சம்பந்தமே இல்லாத எவனோ ஒருத்தன் கணக்குல போய் விழுந்துடுச்சு. வெள்ளை மாளிகையில உக்காந்து சதி பண்றவன் டைப்பிங் மிஸ்டேக்ல கோட்டை விடுறான். விஷயம் வெளிய வர ஆரம்பிச்சதும் கம்ப்யூட்டர்ல இருந்த மெசேஜை எல்லாம் அழிச்சாங்க, பேக்கப் டேப் இருக்குங்கறது ஞாபகம் இல்ல போல, அப்படியே கெடைச்சுடுச்சு.

இதை எல்லாம் சொல்றதால சதியே கிடையாதுன்னு நான் சொல்றதா நெனச்சுக்காதீங்க. அமெரிக்க உளவுத்துறை சிஐஏ, சோதனைக்கு ஆளானவங்களுக்கே தெரியாம போதை மருந்து குடுத்து சோதனை பண்ணுச்சு, எம்கே அல்ட்ரான்னு அந்த திட்டத்துக்கு பேரு, 1953ல ஆரம்பிச்சது, நிஜம். 1973ல ஃபைலை எல்லாம் அழிக்க சொல்லி டைரக்டரே ஆர்டர் போட்டாரு. ஆனா சுமார் 20,000 ஆவணம் தப்பிச்சு 1977ல கெடைச்சது, ஏன் தெரியுமா, அது நிதி சம்பந்தப்பட்ட ரெக்கார்டு கூட வேற இடத்துல இருந்துச்சு. அழிக்க போனவங்க அங்க பாக்கல. முழு பூசணிக்காயை சோத்துல மறைச்சவன் சோத்துக்கான பில்லை விட்டுட்டான்.

அதனால வில்லன் ரொம்ப கெட்டவனா இருக்கறது எனக்கு பிரச்சனையே இல்ல, இவ்ளோ திறமைசாலியா இருக்கான் பாருங்க, அதுதான் நம்ப முடியல. 2016ல கிரைம்ஸ்னு ஒரு இயற்பியல் ஆராய்ச்சியாளர் கணக்கு போட்டாரு, நிலாவுக்கு போனது பொய்யா இருந்திருந்தா 4,11,000 பேர் வாயை மூடிட்டு இருந்திருக்கணும், சுமார் நாலு வருஷத்துக்குள்ள எவனாவது உளறியிருப்பான்னு. (அந்த கணக்கையும் நிறைய பேர் நோண்டியிருக்காங்க, ஆனா நோண்ட ஒரு கணக்காவது இருக்கு.) இங்க 200 வருஷம், ஒரு பொண்டாட்டி கிட்ட கூட ஒருத்தன் வாயை விடல.

ஆதாரம் எங்கன்னு ஹீரோயின் ஒரு இடத்துல கேக்குறா, நல்ல கேள்வி. அதுக்கு ஹீரோ, ஆதாரமே இல்லாததுதான் ஆதாரம், அவ்ளோ சுத்தமா தொடைச்சிருக்காங்கன்னு சொல்றான். அவளும் தலையாட்டுறா. நான் ஒரு கம்பெனிக்கு போய் பில் இல்லாததுதான் செலவுக்கு ஆதாரம்னு எழுதி கையெழுத்து போட்டா என்னாகும்? எங்க தொழில்ல சஸ்பென்ஸ் அக்கவுண்ட்னு ஒண்ணு உண்டு, எங்க சேக்குறதுன்னு தெரியாத தொகையை தற்காலிகமா அதுல போட்டு வைப்போம், வருஷ கடைசில ஒவ்வொண்ணா தீத்தாகணும். இந்த எழுத்தாளரும் சஸ்பென்ஸ்ல போட்டுட்டே போறாரு, புத்தகம் முடியுது, ஒண்ணையும் தீக்கல. ரெண்டாம் பாகம் வருதாம்.

முதல் பக்கத்துல "இதில் வரும் அமைப்புகள் உண்மையானவை"ன்னு ஒரு வரி வேற. இந்த வரிதான் எனக்கு நெஜமாவே கடுப்பு. 1967ல அமெரிக்காவுல லெவின்னு ஒருத்தர் நையாண்டியா ஒரு போலி அரசு அறிக்கை எழுதினாரு, சமாதானம் வந்தா நாட்டுக்கு ஆபத்துங்கற மாதிரி. 1972ல நான்தான் எழுதினேன்னு அவரே ஒத்துக்கிட்டாரு. அதுக்கு அப்புறமும் அதை நிஜ அரசு ஆவணம்னு நம்பி அவரை கேக்காமலே அச்சடிச்சு வித்தாங்க, என் புத்தகம்யான்னு அவரு கேஸ் போட வேண்டியதா போச்சு. எழுதினவனே பொய்னு சொல்லியும் இந்த கதின்னா, முதல் பக்கத்துல உண்மைன்னு அச்சடிச்சா என்னாகும்.

நடை பரவால்ல, வேகமா ஓடுது. 31ல இருந்து 34ஆம் அத்தியாயம் வரைக்கும் வில்லன் ஹீரோவை கட்டிப் போட்டு தன் திட்டத்தை முழுசா விளக்குறாரு, தாண்டிடுங்க, ஒண்ணும் நஷ்டமில்ல.

இப்ப அந்த ரெண்டாவது ஸ்டார். ரெக்கார்டு ரூம் கிளார்க்கா ஒரு வயசான அம்மா வர்றாங்க. ரெஜிஸ்டர்ல 118க்கு அப்புறம் 120 இருக்குறதை பாக்குறாங்க, 119 எங்கன்னு யோசிச்சு, மூக்குக்கண்ணாடியை தொடைச்சு மாட்டிட்டு, கிழிஞ்ச பக்கத்தோட ஓரத்தை விரலால தடவிப் பாக்குறாங்க. இந்த காட்சி மொத்தம் மூணு பக்கம். எனக்கு முதுகு சில்லுன்னு ஆயிடுச்சு, ஏன்னா கண்டுபிடிக்கறதுன்னா இப்படித்தான் இருக்கும். அந்தம்மாவை வச்சே முழு நாவலையும் எழுதியிருக்கலாம். 96ஆம் பக்கத்துல எழுத்தாளர் அவங்களை லிஃப்ட் குழியில தள்ளி கொன்னுட்டாரு. ரெண்டாம் பாகத்துல அவங்க உயிரோட வந்தா யாராவது சொல்லுங்க, அன்னைக்கே வாங்குறேன்.