ஆய்வகத்தில் என்விடிஏ: இலவச ஸ்கிரீன் ரீடர் பற்றி ஒரு பயனரின் மதிப்பீடு

ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் மழைத் தரவுகளை அலசுவது என் வேலை. எனக்குப் பார்வை அறவே கிடையாது. பைத்தானில் நிரல் எழுதுவது, ஆய்வுக் கட்டுரை படிப்பது, வழிகாட்டிக்கு மின்னஞ்சல் அனுப்புவது எல்லாமே என்விடிஏ வழியாகத்தான். திரையில் இருப்பதைக் குரலாகப் படித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடர் அது. ஆராய்ச்சிக்கு வர நினைக்கும் பார்வையற்ற மாணவர்களுக்கும், அவர்களைச் சேர்த்துக்கொள்ளப்போகும் பேராசிரியர்களுக்குமாக இதை எழுதுகிறேன்.

பார்வையற்றவரான மைக்கேல் கர்ரன் 2006-ல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய திறந்த மூல மென்பொருள் இது. விலை ஒன்றுமில்லை. ஆய்வகத்தில் இது பெரிய விஷயம். பணம் கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள் என்றால் கொள்முதல் கோப்பு மேசை மேசையாக நகரும். அதுவரை ஆய்வாளர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். என்விடிஏவைப் பென்டிரைவில் வைத்து, பொதுக் கணினி எதிலும் நிறுவாமலே ஓட்டலாம்.

நிரல் எழுதுவதில் எனக்கு முழுத் திருப்தி. பைத்தானில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளி தவறினால் நிரலே ஓடாது. அந்த இடைவெளியை ஒலியாகக் கேட்கும்படி அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம். உள்ளே போகப் போகச் சுருதி ஏறும். எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், காதே சொல்லிவிடும். பேச்சு வேகத்தை நான் மிக அதிகமாக வைத்திருப்பேன். "அண்ணா, இது உங்களுக்கு நிஜமாவே புரியுதா?" என்று புதிதாகச் சேரும் மாணவர்கள் கேட்பார்கள். அவர்களுக்காக ஸ்பீச் வியூவரைத் திறந்துவிடுவேன். என்விடிஏ பேசுவதெல்லாம் திரையில் எழுத்தாக ஓடும், சேர்ந்து வேலை பார்க்க வசதி.

கணிதம்தான் கஷ்டமான இடம். மேத்கேட் என்ற துணைக்கருவி சமன்பாட்டைப் பகுதி பகுதியாகப் படிக்கும். அம்புக்குறி விசையால் பின்னத்தின் மேலே, கீழே, அடுக்குக்குள் என்று போய் வரலாம். ஆனால் சமன்பாடு மேத்எம்எல் வடிவில், அதாவது இணையப் பக்கத்தில் கணிதத்தை எழுதும் குறியீட்டு முறையில், இருக்க வேண்டும். பிடிஎஃப்பில் பின்னக் கோடு காணாமல் போய், எழுத்தும் எண்ணும் கலந்து கொட்டும். ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாக வெளியிடும் ஆர்க்சைவ் தளம் 2023 டிசம்பரிலிருந்து புதிய கட்டுரைகளை எச்டிஎம்எல் என்ற இணையப் பக்க வடிவிலும் தரத் தொடங்கியது எனக்குப் பெரிய விடுதலை. பழைய கட்டுரை என்றால், சமன்பாடுகளை எழுத்துக் கட்டளைகளாகவே வைத்திருக்கும் லாடெக் மூலக் கோப்பை இறக்கிப் படித்துக்கொள்வேன்.

வரைபடம் வந்தால் "கிராஃபிக்" என்று சொல்லி நின்றுவிடும். அது மென்பொருளின் குறை என்று நான் சொல்லமாட்டேன். வரைபடத்தோடு அதன் எண்கள் அட்டவணையாக உள்ள சிஎஸ்வி கோப்பையும், போக்கு என்ன என்று இரண்டு வரியும் அனுப்பச் சொல்லி எங்கள் குழுவில் கேட்டேன், இப்போது எல்லோரும் அனுப்புகிறார்கள். பார்வையை இழந்த வானியலாளர் வாண்டா தியாஸ்-மெர்செட் தரவை ஒலியாக மாற்றிக் கேட்டே ஆராய்ச்சி செய்பவர். அந்த வழியில் மழை அளவுகளைச் சுருதியாக்கிக் கேட்டுப் பார்க்கிறேன். திடீர் ஏற்றம் காதில் சட்டென்று பிடிபடுகிறது.

அப்புறம், இது விண்டோஸில் மட்டுமே ஓடும். லினக்ஸ் சர்வருக்கு விண்டோஸ் டெர்மினலிலிருந்து நுழைந்து வேலையை முடித்துக்கொள்கிறேன். கூடவே வரும் தமிழ்க் குரல் இயந்திரத்தனமாக இருக்கும், பழகிவிடும். சில கருவிகளின் மென்பொருளில் பொத்தான்களுக்குப் பெயரே கொடுத்திருக்கமாட்டார்கள். "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டும் கேட்டால் எதை அழுத்துவது?

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணியிடங்களில் 4 சதவீதம் ஒதுக்குகிறது. அதில் 1 சதவீதம் பார்வையற்றோருக்கும் குறைபார்வை உள்ளோருக்கும். தேவையான வசதிகளைச் செய்து தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆனால் நான் முன்பு இருந்த ஓரிடத்தில் விடுப்பு விண்ணப்பிக்கவே படத்தில் உள்ள எழுத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும். அரை நாள் விடுப்புக்கும் பக்கத்து இருக்கைக்காரரைத் தேடிப் போக வேண்டியிருந்தது. எந்த ஸ்கிரீன் ரீடரும் அதைச் சரிசெய்யாது, நிர்வாகம்தான் செய்ய வேண்டும்.

பேராசிரியர்களே, மாணவர் சேரும் முன்பே உங்கள் கணினியில் என்விடிஏவை நிறுவுங்கள். மவுஸைத் தொடாமல், திரையை அணைத்துவிட்டு, உங்கள் ஆய்வகம் தினமும் பயன்படுத்தும் மென்பொருள்களை ஒரு மதியம் முழுக்க ஓட்டிப் பாருங்கள். எங்கே சிக்குகிறதோ அதை அவர் வருவதற்குள் சரிசெய்துவிடலாம்.