குப்பத்தில் கேமராவும் கோலப்பொடியும்: பல பருவம் பயன்படுத்திய பிறகு

கடலோரக் குப்பங்களில் யார் எந்த இடத்தை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய மூன்று முறைகள் கைகொடுக்கும். ஊர்க்காரர்களே படம் எடுப்பது, படத்தை முன்னால் வைத்துப் பேச வைப்பது, தரையில் ஊர்ப்படம் வரைய வைப்பது. படம் எடுப்பது சுலபம். படத்தையும் அதைப் பற்றிய பேச்சையும் பிரியவிடாமல் காப்பாற்றுவதுதான் வேலை.

முதல் முறைக்கு ஆளுக்கு ஒரு வாரம், பத்துப் படம் போதும். 1990களில் சீனாவின் யுன்னான் கிராமப் பெண்களிடம் ஆய்வாளர்கள் கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் இருவரும் கேமராவைக் கொடுத்தது ஃபிலிம் காலத்தில். ஃபிலிம் தீர்ந்துவிடும் என்பதால் பார்த்துப் பார்த்து எடுத்தார்கள். இப்போது கையில் போன் இருப்பதால் முந்நூறு படம் வந்து குவியும், பேச நேரம் இருக்காது. எண்ணிக்கையை முதல் நாளே சொல்லிவிடுங்கள். வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த இடமும் நேரமும் கழன்றுவிடும். ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். போன் கேமராவில் லொகேஷன் முன்கூட்டியே ஆன் ஆகியிருக்க வேண்டும்; பிறகு நினைவிலிருந்து சேர்த்தால் நம்ப முடியாது.

பேச உட்காரும்போது 4×6 அளவில் பிரிண்ட், அதுவும் மேட். பளபளப்புத் தாளில் கடற்கரை வெயில் பட்டால் கண் கூசும். பின்பக்கம் மார்க்கரில் எண். பன்னிரண்டுக்கு மேல் வைத்தால் புரட்டிக்கொண்டே போவார்கள், எதிலும் நிற்க மாட்டார்கள். ஒலிப்பதிவு ஓடும்போது "ஏழாம் நம்பர் படம்" என்று ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எழுதி எடுக்கும்போது "இங்கதான் போடுவோம், அந்தாண்ட விட மாட்டாங்க" என்று இருக்கும். எது ‘இங்க’ என்று யாருக்கும் தெரியாது. இந்த ஒன்றைத் தவறவிட்டு வீணான பதிவுகள்தான் அதிகம்.

கேள்வியும் முக்கியம். வெறும் மணல் படம் ஒன்று வரும். "இது என்ன?" என்றால் "மணல்" என்பார்கள். "இங்க எப்போ ஆள் இருக்கும்?" என்று கேளுங்கள். காலையில் வலை காய்வதும், பெண்கள் கருவாடு பரப்புவதும், வாடைக் காலத்தில் கடல் மண்ணை அரித்துக்கொண்டு போனால் படகை மேலே இழுத்து ஏற்றுவதும் வரிசையாக வரும். சர்வே வரைபடத்தில் அது காலி இடம். கடலோரத்தில் எங்கே என்ன கட்டலாம் என்று வரையறுக்கும் மத்திய அரசின் 2011 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை (2019இல் இதற்குப் பதில் புதியது வந்தது), மீன் காயவைக்கும் இடங்களையும் மீனவர் பொதுச்சொத்துக்களையும் சர்வே எண் வாரியான புல வரைபட அளவில் குறிக்கச் சொன்னது. அந்த மணல் படத்துக்கு மதிப்பு அங்கேதான். ஒரே பருவத்துப் படத்தை நம்பி எல்லை போடாதீர்கள். நடப்பட்ட கல், மின்கம்பம் மாதிரி அசையாத ஒன்றை ஓரத்தில் வைத்து, அதே இடத்தில் நின்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை எடுங்கள்.

தரைப்படத்துக்கு இரண்டு கிலோ கோலப்பொடி. அரிசிமாவு வேண்டாம், எறும்பும் கோழியும் அரை மணியில் ஊரையே தின்றுவிடும். காற்று எழும்புமுன் காலையில், தண்ணீர் தெளித்த தரையில். வீட்டுக்குப் புளியங்கொட்டை, கிணற்றுக்குக் கல். பெண்களுக்குத் தனிப் படம், ஆண்களுக்குத் தனிப் படம். ஒன்றாக உட்கார வைத்தால் பொடி கடைசிவரை பஞ்சாயத்தார் கையிலேயே இருக்கும். ஆண்கள் படத்தில் படகுத்துறை பெரிதாக வரும், தண்ணீர்க் குழாய் வரவே வராது. முடிந்ததும் மாடியிலிருந்து நேர்க்கீழாக ஒரு படம், அன்றே சார்ட் பேப்பரில் ஒரு நகல், வடக்கு எது என்று ஒரு அம்புக்குறி.

ஒப்புதல் இரண்டு தடவை வாங்க வேண்டும், எடுக்க ஒன்று, வெளியே காட்ட ஒன்று. எடுக்கச் சம்மதித்தவர் அச்சில் தன் வீட்டு வாசலைப் பார்த்ததும் மனம் மாறுவது சகஜம். வெளியிடும் பிரதியில் லொகேஷனை நீக்கிவிடுங்கள். மூலப் பிரதி தனி டிஸ்க்கில் இருக்கட்டும்.