மாலையில் அணையும் கணினிக்கு எது சரி: கிரானா, அனாக்ரானா, சிஸ்டம்டி டைமரா?

பிரிக்பீல்ட்ஸ் கணக்காளர் அலுவலகமோ பினாங்கு லெபு பாசார் துணிக்கடையோ, லினக்ஸ் கணினியைக் கடை சாத்தும்போது அணைத்துவிடுவார்கள். பில் கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுக்கும் ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) பத்து வரிகூட வராது. அதை நேரத்துக்கு எழுப்பி விடுவதில்தான் சிக்கல். அதற்கான லினக்ஸ் கருவிகள்தான் தலைப்பில் உள்ள மூன்றும்.

கிரானில் 0 2 * * * என்று போட்டால் அதிகாலை 2 மணிக்கு ஓடும். அப்போது கணினி அணைந்திருந்தால் அன்றைய நகல் போனது போனதுதான். டெர்மினலில் நன்றாக ஓடிய ஸ்கிரிப்ட் இங்கே படுத்துவிடுவதும் உண்டு: கிரான் தரும் பாத் (கட்டளைகளைத் தேடும் கோப்புறைகளின் பட்டியல்) மிகக் குறுகியது, கட்டளைகளுக்கு முழுப் பாதை எழுதுங்கள். கிரானின் வேலைப் பட்டியலான கிரான்டேப்பின் வரியிலேயே தேதி வடிவம் வந்தால் % குறி புது வரியாக மாறிவிடும். அதன் முன் \ வேண்டும்.

இரவு பகல் ஓடும் வாடகை சர்வருக்குக் கிரானே போதும். ஆனால் பல சர்வர்களின் கடிகாரம் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கும், மலேசிய நேரம் அதைவிட 8 மணி முன்னே. நம் அதிகாலை 2 மணிக்கு, மணி இடத்தில் 18 என்று எழுத வேண்டும். 2 என்றே விட்டால் காலை 10 மணிக்கு, வியாபார நேரத்தில் ஓடும்.

அனாக்ரான் தவறிய நாளை ஈடுகட்டும், ஆனால் நாள் கணக்கில்தான். மணி கணக்கு அதற்குத் தெரியாது. உபுண்டுவில் அனாக்ரான் ஓட்டும் தினசரிக் கோப்புறையில் வைக்கும் ஸ்கிரிப்ட்டின் பெயரில் புள்ளி இருக்கக் கூடாது. கடைசியில் .எஸ்எச் ஒட்டியிருந்தால் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும், பிழைச் செய்தியும் வராது.

கடைக் கணினிக்கு என் தேர்வு சிஸ்டம்டி டைமர். சர்வீஸ், டைமர் என இரண்டு கோப்பு எழுதும் சலிப்பு உண்டுதான். டைமர் கோப்பின் ஆன்கேலண்டரில் நேரம் கொடுத்து, பெர்சிஸ்டென்ட்டை ட்ரூ ஆக்கினால், தவறிய வேலை காலையில் கணினியைத் திறந்ததும் ஓடும். முந்தைய ஓட்டம் முடியாதிருந்தால் இன்னொன்று தொடங்காது; கிரானில் இதற்கு எஃப்லாக் என்ற பூட்டுக் கட்டளையைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

ஒரு பொறி இருக்கிறது. காலையில் வெளி டிஸ்க்கைச் செருகுமுன் ஸ்கிரிப்ட் ஓடினால், வெறும் கோப்புறையில் நகல் விழுந்து உள் டிஸ்க் நிரம்பும். முதல் வரியிலேயே, டிஸ்க் இணைந்திருக்கிறதா என்று மவுண்ட்பாயின்ட் கட்டளையால் சோதித்து, டிஸ்க் இல்லையென்றால் 1 என்ற தோல்விக் குறியோடு வெளியேறச் செய்யுங்கள். ஆனால் தோற்ற ஓட்டத்தையும் டைமர் ஓடியதாகவே குறித்துக்கொள்ளும். ஆகவே சர்வீஸ் கோப்பில் ரீஸ்டார்ட்டை ஆன்-ஃபெய்லியர் என்றும், ரீஸ்டார்ட்செக்கை 600 (விநாடி) என்றும் வையுங்கள். டிஸ்க் வரும்வரை 10 நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி முயலும்.