‘மணல் முளை’ என்று விற்கப்படும் குட்டைத் தகடுகள்: கடற்கரையில் கூடாரம் அடிப்போருக்கு ஓர் எச்சரிக்கை

கடற்கரை மணலில் கூடாரம் அடிக்கும் எண்ணத்தில் இணையத்தில் ‘மணல் முளை’ (கூடாரக் கயிறுகளை மணலில் பிடித்து நிறுத்தும் உலோகத் தகடு) வாங்கப் போகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுவது நல்லது. மரக்காணத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிய தனியார் சவுக்குத்தோப்பு ஒன்றில் உரிமையாளரிடம் அனுமதி பெற்றுக் குடும்பத்தோடு இரவு தங்குவதற்காக நான் ஒரு தொகுப்பு வாங்கினேன். நீளம் 30 செ.மீ., அகலம் 4 செ.மீ., 7075 ரக அலுமினியம் (உறுதிக்குப் பெயர்போன கலவை), வாய்க்கால்போல் மடித்த தகடு, பாலைவனத்துக்கும் பனிக்கும்கூட ஏற்றது என்றெல்லாம் விற்பனைப் பக்கத்தில் இருந்தது. வந்து சேர்ந்தவை 20 செ.மீ. நீளமும் 2 செ.மீ. அகலமும் கொண்டவை. படத்தில் கண்ட அதே வடிவம், அதே துளைகள், அதே நிறம். அளவு மட்டும் சுருங்கியிருந்தது. உறையில் தயாரிப்பாளர் பெயரோ முகவரியோ தயாரான நாடோ அச்சிடப்படவில்லை.

பொட்டலத்தைப் பிரித்தவுடனேயே அளவுகோலை வைத்துப் படம் எடுத்து விற்பனையாளருக்கு அனுப்பினேன். ‘மணலுக்கு இந்த அளவே போதுமானது, சோதித்துப் பார்த்துத்தான் விற்கிறோம், தயங்காமல் பயன்படுத்துங்கள்’ என்று எழுத்திலேயே பதில் வந்தது. அந்த ஒரு வரிதான் பின்னர் எனக்குக் கைகொடுத்தது.

அது போதாது என்பதற்குக் காரணம் எளிது. களிமண்ணோ செம்மண்ணோ முளையைச் சுற்றி இறுகிப் பிடித்துக்கொள்ளும். காய்ந்த மணலுக்கு அந்த ஒட்டும் தன்மை கிடையாது. அங்கே முளையைத் தாங்குவது அதன் முன்னே குவிந்திருக்கும் மணலின் எடையும் மணிகளுக்கு இடையேயான உராய்வும் மட்டுமே. எனவே பக்கவாட்டு இழுப்பைத் தாங்கும் திறன் அகலத்துக்கு நேர் விகிதத்திலும், புதைந்த நீளத்தின் வர்க்கத்தை ஒட்டியும் கூடுகிறது அல்லது குறைகிறது. 30 செ.மீ. முளை 20 ஆகி, அகலமும் பாதியானால், மிஞ்சுவது விளம்பரப்படுத்திய பிடிமானத்தில் கால் பங்குகூட இல்லை. காற்றோ எதிர்த்திசையில் கணக்குப் போடுகிறது: அதன் வேகம் இரு மடங்கானால் கூடாரத்தின் மீதான அழுத்தம் நான்கு மடங்காகிறது.

இருட்டிய பின் வாடைக்காற்று வலுத்தபோது, கடலைப் பார்த்த பக்கத்து முளைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடுங்கிக்கொண்டு வந்தன; மேல்விரிப்பு கிழிந்தது. சில தகடுகள் நடுவில் வளைந்தும் போயிருந்தன. 7075 ரகம் அவ்வளவு சுலபமாக வளையாது என்பதால் அந்த வாசகத்தையும் நான் நம்பவில்லை. தோப்பைக் காவல் காத்த பெரியவர் எங்கள் முளைகளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய், காலி உரச்சாக்குகளோடு திரும்பினார். சாக்கில் மணலை நிரப்பி, வாயைக் கட்டி, நடுவில் கயிற்றைச் சுற்றி, முழங்கை ஆழக் குழியில் படுக்கையாகப் புதைத்து, கயிறு சாய்வாக வெளிவரும்படி சிறு வாய்க்கால் கீறி, மேலே மணலைத் தள்ளி மிதித்துவிட்டார். பத்து லிட்டர் காய்ந்த மணலே ஏறத்தாழ 16 கிலோ எடை இருக்கும். அதற்கு மேலுள்ள மணலின் பாரமும் சேர்ந்துகொள்வதால் விடியும்வரை ஒரு கயிறும் தளரவில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருள் செய்யாததைக் காலிச் சாக்கு செய்தது.

ஊர் திரும்பிப் பணத்தைக் கேட்டபோது, ‘பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெறுவதில்லை’ என்றார்கள். பயன்படுத்தச் சொன்னதே அவர்கள்தான் என்று பழைய பதிலைக் காட்டியதும், அடுத்த கொள்முதலுக்குத் தள்ளுபடிக் கூப்பன் தருவதாகப் பேரம் பேசினார்கள். விளம்பரப்படுத்திய தன்மைகள் இல்லாத பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக்கூடாது என்று 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் சொல்கின்றன. குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். இந்த விதியைக் குறிப்பிட்டுத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதி, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இலும் பதிவு செய்த பிறகே முளைகளின் விலை திரும்பியது. கிழிந்த மேல்விரிப்புக்கு எதுவும் வரவில்லை. அதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை, நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

வாங்குகிறவர்கள் படத்தை நம்பாமல், நீளமும் அகலமும் எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள், 30 செ.மீ.க்குக் குறைந்ததைக் காய்ந்த மணலுக்கு வாங்காதீர்கள். தகட்டின் நடுவில் துளை இருந்தால் அங்கே கயிற்றைக் கட்டிப் படுக்கையாகவும் புதைக்க முடியும், அது பெரிய வசதி. ‘அளவு சற்று வேறுபடலாம்’ என்ற பொடி எழுத்து எங்காவது தென்பட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். பொட்டலம் பிரிப்பதைக் காணொளியாக எடுத்து வையுங்கள். விற்பனையாளரோடு பேசுவதை எழுத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், தொலைபேசியில் அழைத்தால் எடுக்க வேண்டாம். எனக்கு விற்ற பக்கம் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் அதே படம், அதே ‘30 செ.மீ.’ வாசகத்துடன், வேறு வணிகப் பெயரில் மீண்டும் விற்பனைக்கு வந்திருக்கிறது.