ஜவ்வு தேய்மானம்: கத்திரியைப் பிடுங்குவதா, புது செல்லை இறக்குவதா?

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் ‘டிஸ்க் தேய்மானம்’ (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் ஜவ்வு தேய்வது) என்று பார்த்ததுமே ஸ்டெம் செல் ஊசி எங்கே போடுவார்கள் என்று தேடக் கிளம்புகிறவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுங்கள். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்த 2015 ஆய்வில், 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்குத் தேய்மானம் தெரிந்தது. 80 வயதில் 96 சதவீதம். ரிப்போர்ட்டில் தேய்மானம் என்று இருப்பதாலேயே வலிக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது.

உள்ளே நடப்பது இதுதான். ஜவ்வின் நடுவிலுள்ள ஜெல்லிப் பகுதியில் தண்ணீரைப் பிடித்து வைப்பது அக்ரிகான் என்ற ராட்சத மூலக்கூறு. அதன் சர்க்கரை இழைகளில் எதிர் மின்னூட்டம் நிறைய. அது சோடியத்தை இழுக்க, சோடியத்தின் பின்னாலேயே தண்ணீர் வரும். ஐ.எல்-1, டி.என்.எஃப். போன்ற அழற்சிப் புரதங்கள் கூடும்போது ஜவ்வின் சொந்த செல்களே எம்.எம்.பி., அடாம்ட்ஸ் வகை நொதிகளைச் சுரந்து அக்ரிகானை வெட்டுகின்றன. தலைப்பில் சொன்ன கத்திரி இந்த நொதிகள்தான். தண்ணீர் குறைகிறது, பாரம் வெளி வளையத்தின் மேல் விழுகிறது, வளையம் விரிசல் விடுகிறது. அதுவரை உட்பகுதியில் இல்லாத நரம்பு நுனிகள் அந்த விரிசல் வழியே நுழைகின்றன.

கத்திரியை முடுக்கிவிடுவது யார்? மூட்டை தூக்கியதுதான் காரணம் என்பது பழைய தீர்ப்பு. பின்லாந்து இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் அதை ஆட்டம் காணவைத்தன; வேலைப் பளுவைவிடப் பரம்பரையின் பங்கு பெரிதாக இருந்தது. ஒருவர் புகைத்து மற்றவர் புகைக்காத ஒரே கருமுட்டை இரட்டையரில், புகைத்தவரின் ஜவ்வுகளில் தேய்மான மதிப்பெண் சராசரியாக 18 சதவீதம் கூடுதல்.

என் ஓட்டு இன்னொரு காரணத்துக்கு: ஜவ்வின் செல்களுக்குப் போய்ச்சேரும் சாப்பாடு. பெரியவர்களின் ஜவ்வுக்குள் ரத்தக் குழாய் கிடையாது. குளுக்கோஸும் ஆக்ஸிஜனும் மேலும் கீழும் உள்ள எண்ட்பிளேட் என்ற மெல்லிய குருத்தெலும்புத் தகடு வழியாகத்தான் கசிந்து வரவேண்டும். கோவை கங்கா மருத்துவமனையின் எஸ். ராஜசேகரன் குழு சாய மருந்து ஏற்றி அடுத்தடுத்து எம்.ஆர்.ஐ. எடுத்து இதைக் காட்டியது 2004-இல். மருந்து எலும்புக்குச் சில நிமிடங்களில் போய்விட்டது. ஜவ்வின் நடுவுக்குப் போய்ச்சேரப் பல மணி நேரம். தகடு சிதைந்தால் இந்தக் கசிவே தாறுமாறாகிவிடுகிறது. ஜவ்வு பிதுங்கிய 181 பேரை ஆராய்ந்த இதே குழு, பெரும்பாலானவர்களிடம் வளையம் கிழிவதற்குப் பதில் அது தகட்டோடு சேரும் இடம் பிய்ந்திருப்பதை 2013-இல் சொன்னது.

இனி சிகிச்சைகள். கத்திரியைப் பிடுங்குவது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் சயாட்டிகா (இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலி) நோயாளிகளுக்கு டி.என்.எஃப். தடுப்பு மருந்தான இன்ஃப்ளிக்ஸிமாபைக் கொடுத்துப் பார்த்த பின்லாந்துச் சோதனையில், வெற்று மருந்தைவிட அது மேலாக இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு: பிதுங்கி வெளியே வந்த துண்டு பல பேருக்குத் தானாகவே கரைவதும் எம்.எம்.பி. போன்ற நொதிகளின் துணையால்தான். கத்திரியை மொத்தமாக முடக்கினால் அந்த உதவியும் போய்விடும்.

புது செல்லை இறக்குவது? ஆக்ஸிஜன் குறைந்து லாக்டிக் அமிலம் தேங்கிய இடத்தில் கூடுதல் செல்களை விடுவது, சோறு பற்றாத பந்திக்கு இன்னும் பத்து பேரைக் கூட்டி வருவதுதான். மீசோபிளாஸ்ட் நிறுவனத்தின் செல் ஊசி 404 பேரிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில் முதன்மை இலக்கை எட்டவில்லை என்று 2021-இல் தெரிந்தது. வலி மட்டும் குறைந்ததாகப் பிறகு பிரித்துப் பார்த்துச் சொன்னார்கள். அது இன்னொரு சோதனைக்கு வேண்டுமானால் காரணம்; பணம் கட்டி ஊசி போட்டுக்கொள்ளக் காரணம் ஆகாது.

முதுமையடைந்த செல்களை மட்டும் களையெடுக்கும் டசாடினிப்–குவெர்சிடின் ஜோடி எனக்கு இதைவிடச் சுவாரசியம். எலிகளில் 2021-இல் பலன் தெரிந்தது, ஆனால் இளம், நடு வயதில் தொடங்கியபோதுதான். கிழ எலிகளுக்குத் தொடங்கியதில் பெரிய பிரயோஜனம் இல்லை. அதாவது தேய்ந்ததை மீட்பதைவிடத் தேயாமல் காப்பதற்கான மருந்து. டசாடினிப் ஒரு புற்றுநோய் மருந்து; அதை ஆரோக்கியமானவருக்கு யார் எழுதித் தருவார்?

வேடிக்கை என்னவென்றால், ஜப்பான் 2018-இல் ஒப்புதல் கொடுத்த கொண்டோலியேஸ் ஊசி செய்வது தேய்மானத்தின் வேலையைத்தான்: அக்ரிகானின் சர்க்கரை இழைகளை நறுக்கித் தண்ணீரை வெளியேற்றுகிறது. ஜவ்வு சுருங்கி நரம்பின் மேலிருந்த அழுத்தம் குறைகிறது. இதற்கு முன்னோடி பப்பாளிப் பாலிலிருந்து எடுத்த கைமோபாப்பெய்ன். அமெரிக்கா 1982-இல் அனுமதித்தது, ஒவ்வாமை அதிர்ச்சி உள்ளிட்ட ஆபத்துகளால் பெயர் கெட்டு 2003-இல் விற்பனை நின்றது. அது புரதத்தையே வெட்டியது. கொண்டோலியேஸ் புரதத்தைத் தொடுவதில்லை. ஆனால் இது பிதுங்கலால் வரும் கால்வலிக்கு மட்டுமே. வெறும் தேய்மானத்துக்குப் போட்டால் எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றின கதைதான்.

கட்டுவதைவிட இடிப்பது சுலபம் என்பதால்தான் கொண்டோலியேஸ் முந்திக்கொண்டது. கட்டுகிற சிகிச்சை எதுவானாலும், அந்த எண்ட்பிளேட் வழியாகச் சாப்பாடு போகிறதா என்று முதலில் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்காதவரை அதன் முடிவுகளை நான் நம்பப்போவதில்லை. அதுவரை புகையை நிறுத்துவதும், நடப்பதும், பயிற்சி செய்வதும் மலிவு. எலும்புகளைப் பிணைக்கும் அறுவை சிகிச்சை கடைசி வரிசை.

இங்கே யாராவது ஸ்டெம் செல்லுக்குப் பணம் கேட்டால், சி.டி.ஆர்.ஐ. (இந்தியாவின் மருத்துவச் சோதனைப் பதிவேடு) பதிவு எண்ணைக் கேளுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்று தவிர மற்றதெல்லாம் அனுமதி பெற்ற சோதனைக்குள் மட்டுமே நடக்கலாம். சோதனை என்றால் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது.