'பென் ஃபோல்ட்ஸ் லைவ்': வருசக்கணக்காகக் கேட்டதில்

போனில் இடம் காணாமல் எத்தனையோ பாட்டை அழித்துவிட்டேன். 'பென் ஃபோல்ட்ஸ் லைவ்' மட்டும் இன்னும் அப்படியே கிடக்கிறது. அமெரிக்கப் பாடகர் பென் ஃபோல்ட்ஸின் 2002இல் வந்த அல்பம். மேடையில் பெரும்பாலும் அவரும் ஒரு பியானோவும்தான். அவருடைய பழைய குழு 'பென் ஃபோல்ட்ஸ் ஃபைவ்' 2000இல் பிரிந்தது (பேரில்தான் ஐந்து, ஆட்கள் மூன்று பேர்). பிறகு தனியாக ஊர் ஊராகப் போய் வாசித்ததில் தொகுத்தது இது.

வேகப் பாட்டுகளில் பேஸ், ட்ரம்ஸ் இரண்டின் வேலையையும் இடதுகை பார்த்துக்கொள்கிறது. மிச்சத்தைச் சனம் பார்க்கிறது. 'ஆர்மி' பாட்டின் 1999 ஸ்டுடியோப் பதிவில் ட்ரம்பெட், சாக்ஸபோன் எல்லாம் வரும். இங்கே சனத்தை இரண்டாகப் பிரித்து அதை வாயாலேயே பாடவைக்கிறார். (தலைப்பைப் பார்த்துவிட்டு எங்கட வீட்டில் ஒரு மாதிரித்தான் பார்த்தார்கள்.) 'நொட் த சேம்' பாட்டில் சனத்துக்கு மூன்று குரல். எங்கட பக்கத்துக் கூத்தில் அதை நடத்துகிற அண்ணாவியார் படித்த அடியைப் பிற்பாட்டுக்காரர் அப்படியே திருப்பிப் படிப்பார்கள். இதில் ஒவ்வொரு பக்கத்துக்கும் வேறு சுரம். தேவாலயத்தில் கீபோட் வாசிக்கிற எனக்கு இதைக் கேட்டால் இன்னும் பொறாமைதான். மூன்று குரல் ஒழுங்காக வரவேண்டும் என்றால் நாங்கள் நத்தாருக்கு (கிறிஸ்மஸுக்கு) கார்த்திகையிலேயே ஒத்திகை தொடங்கவேணும். அங்கே டிக்கெட் எடுத்து வந்த சனம் நின்ற நிலையிலேயே பாடுகிறது.

போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். இடதுகை முழுக்கக் காணாமல் போய், வலதுகையின் கிணுகிணுப்புத்தான் மிஞ்சும். முல்லைத்தீவு பஸ்ஸில் இயர்போன் போட்டாலும், டிரைவர் போடுகிற பாட்டுக்கு மேலால் வேகமானவை மட்டும்தான் எடுபடும். 'பிரிக்' போன்றவற்றுக்கு இரவு வேணும், அதுவும் கரண்ட் போய் ஃபேனும் நின்ற நேரம் என்றால் இன்னும் நல்லது. கடைசிச் சுரம் தேய்ந்து அடங்கும்வரை கேட்கும். நத்தாருக்கு அடுத்த நாள் விடியக்காலை காதலியைக் கருக்கலைப்புக்குக் கூட்டிப்போகிற பெடியனின் கதை அது, அவருடைய சொந்த அனுபவம். அழுகுரல் ஒன்றும் இல்லாமல் சொல்லிக்கொண்டு போகிறார்.

அலுத்ததும் இருக்கிறது. சிக்காகோவில் ஒருவர் கூட்டத்துக்குள் இருந்து கத்தியதை வைத்து அந்த இடத்திலேயே கட்டிய 'ரொக் திஸ் பிட்ச்' முதலில் நல்ல பகிடி, இப்போது தாண்டிவிடுவேன். எல்டன் ஜோனின் 'டைனி டான்சர்' பிழையில்லை, ஆனால் மூலத்தையே கேட்கலாம். வேறுவேறு ஊர்ப் பதிவுகள் என்பதால் ஒரே இரவுக் கச்சேரியில் இருந்த மாதிரியும் வராது.

இன்னொன்று, தூசணம் வரும். எங்கட வீட்டில் பெரிய ஆட்களுக்கு இங்கிலிஷ் பிடிபடாது, சின்னனுகளுக்கு நல்லாப் பிடிபடும். சத்தமாகப் போடுகிறவர்கள் பார்த்துப் போடுங்கோ.