இரட்டை பூட் கணினியில் பார்ட்டிஷன் அளவை மாற்ற எந்தக் கருவி, எப்போது?

512 ஜிபி எஸ்எஸ்டி, அதில் விண்டோஸ் 11, பக்கத்தில் 50 ஜிபிக்கு ஒரு பார்ட்டிஷன் (டிஸ்கில் பிரித்த தனிப் பகுதி) ஒதுக்கி உபுண்டு. மடிக்கணினி வாங்கிய கையோடு லினக்ஸைச் சேர்த்துப் போட்டுக்கொண்ட பலருடைய டிஸ்க் இப்படித்தான் இருக்கும். கொஞ்ச காலத்தில் ஸ்னாப் செயலிகள், டாக்கர் கன்டெய்னர்கள், பழைய கெர்னல்கள் (லினக்ஸின் மையப்பகுதியின் முந்தைய பதிப்புகள்) எல்லாம் சேர்ந்து அந்த 50 ஜிபியை நிரப்பிவிடும். சி டிரைவில் பாதிக்கு மேல் சும்மா கிடக்கும். அதிலிருந்து கொஞ்சம் எடுத்து உபுண்டுவுக்குக் கொடுத்தால் போதுமே என்று உட்காருவோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

இதற்கு எந்தக் கருவி நல்லது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது, விடுவிக்கப்போகும் காலி இடம் உபுண்டு பார்ட்டிஷனுக்கு எந்தப் பக்கம் வரும் என்பதை. வலப்பக்கம் வந்தால் ஏறக்குறைய எந்தக் கருவியும் போதும், சில நொடிகளில் வேலை முடியும். இடப்பக்கம் வந்தால் கதையே வேறு.

டிஸ்கின் வழக்கமான அமைப்பைப் பாருங்கள். முதலில் 100 எம்பி அளவில், கணினி பூட் ஆக உதவும் இஎஃப்ஐ பார்ட்டிஷன், அப்புறம் மைக்ரோசாஃப்ட் தனக்கென ஒதுக்கும் 16 எம்பி, அதன் பிறகு சி டிரைவ், உபுண்டு, கடைசியில் விண்டோஸ் ரெக்கவரி. சி டிரைவைச் சுருக்கினால் அதன் வால் பகுதிதான் காலியாகும். அதாவது காலி இடம் உபுண்டுவுக்கு முன்னால் வந்து நிற்கும். உபுண்டு பார்ட்டிஷனின் தொடக்கத்தையே இடப்பக்கம் இழுத்தால்தான் அதை உபுண்டுவோடு சேர்க்க முடியும். உள்ளே இருக்கும் தரவு முழுவதும் டிஸ்கில் இடம் மாற வேண்டும்.

டிஸ்க் மேனேஜ்மென்ட்: சுருக்க மட்டும்

விண்டோஸோடு வரும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டுக்குத் தெரிந்த வேலைகள் குறைவு. என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் கோப்புகளை அடுக்கி வைக்கும் கோப்பு முறைமை) பார்ட்டிஷனைச் சுருக்கும்; வலப்பக்கம் ஒட்டியே காலி இடம் இருந்தால் நீட்டும். எதையும் நகர்த்தாது. உபுண்டுவின் கோப்பு முறைமையான எக்ஸ்ட்4 உள்ள பார்ட்டிஷன் அதற்கு வெறும் பெயரில்லாத பெட்டி. அதற்கு டிரைவ் எழுத்து எதுவும் கொடுத்துவிட்டால் ஃபார்மட் செய்யவா என்று கேட்கும். ரத்து செய்துவிட்டு வெளியே வாருங்கள்.

ஆனாலும் சி டிரைவைச் சுருக்க முதலில் இதைத்தான் திறக்கச் சொல்வேன். முக்கியக் காரணம் பிட்லாக்கர், அதாவது டிஸ்கை என்கிரிப்ட் செய்து பூட்டும் விண்டோஸ் வசதி. பல புதிய மடிக்கணினிகளில் நாம் கேட்காமலேயே டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருக்கும். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு இதை இன்னும் பரவலாக்கியது. பிட்லாக்கர் இருக்கும் பார்ட்டிஷனை லினக்ஸ் கருவிகளால் சுருக்க முடியாது. விண்டோஸ் தன் பூட்டைத் தானே அறியும், அதனால் அது சுருக்கிக் கொடுக்கும். எதற்கும் கை வைக்கும் முன் 48 இலக்க மீட்புச் சாவியை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பூட் வரிசையில் ஏதாவது மாறினால், அடுத்த முறை விண்டோஸ் திறக்கும்போது அந்தச் சாவியைக் கேட்கக்கூடும்.

இதில் அடிக்கடி வரும் புகார் ஒன்று உண்டு. 200 ஜிபி காலியாக இருந்தும், 8 ஜிபிதான் சுருக்கலாம் என்று சொல்லும். நகர்த்த முடியாத கோப்பு ஒன்று டிஸ்கின் பின்பகுதியில் உட்கார்ந்திருப்பதுதான் காரணம். பேஜ்ஃபைல் (நினைவகம் போதாதபோது விண்டோஸ் டிஸ்கில் பயன்படுத்தும் கோப்பு), ஹைபர்னேஷன் கோப்பு, ரீஸ்டோர் பாயின்ட்டுகள், என்டிஎஃப்எஸ் தன் கோப்புப் பட்டியலை வைத்திருக்கும் எம்எஃப்டி, இந்த நான்கில் ஒன்றாக இருக்கும். எது என்று ஊகிக்க வேண்டியதில்லை. சுருக்க முயன்ற பிறகு ஈவன்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவுகளைத் திறந்து 259 என்ற எண்ணைத் தேடுங்கள். கடைசியாகத் தடுத்த கோப்பின் பெயர் அதிலேயே இருக்கும்.

முதல் மூன்றுக்கும் வழி எளிது. ஹைபர்னேஷனை அணையுங்கள், பேஜ்ஃபைலைத் தற்காலிகமாக நீக்குங்கள், சிஸ்டம் புரொடெக்‌ஷனை நிறுத்துங்கள், ரீஸ்டார்ட் செய்து மறுபடி முயலுங்கள். முடிந்ததும் பேஜ்ஃபைலையும் புரொடெக்‌ஷனையும் பழையபடி வைத்துவிடலாம். ஹைபர்னேஷனை மட்டும் இரட்டை பூட் கணினியில் அணைத்தே வைப்பது நல்லது என்பது என் கருத்து. விண்டோஸ் 8இல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் அதை நம்பித்தான் ஓடுகிறது. அது இருக்கும்வரை ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாது. பாதி திறந்த நிலையில் விடப்பட்ட என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனை லினக்ஸ் கருவிகள் தொட மறுக்கும், மறுப்பதும் சரிதான்.

எம்எஃப்டி தடுத்தால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டால் அதற்கு மேல் ஒன்றும் ஆகாது. அங்கே அடுத்த கருவிக்குப் போக வேண்டியதுதான்.

சொல்லவேண்டிய எச்சரிக்கை இன்னொன்று. சில சமயம், இந்த டிஸ்கை டைனமிக் டிஸ்காக மாற்றவா என்று ஒரு பெட்டி வரும். எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் அட்டவணை உள்ள டிஸ்கில் ஐந்தாவது பார்ட்டிஷன் உருவாக்க முயன்றாலோ, ஒட்டாத காலி இடத்துக்கு நீட்ட முயன்றாலோ இப்படிக் கேட்கும். சம்மதம் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் அந்த டிஸ்கிலிருந்து உங்கள் லினக்ஸ் பூட் ஆகாமல் போகலாம். திரும்பி வருவது பெரும்பாடு.

ஜிபார்ட்டட்: எதையும் செய்யும், அதனால்தான் கவனம்

2004 முதல் இருக்கும் இலவசக் கருவி. உபுண்டு பார்ட்டிஷனைச் சுருக்கவோ நகர்த்தவோ பென்டிரைவிலிருந்து பூட் செய்துதான் ஓட்ட வேண்டும். ஜிபார்ட்டட் லைவ் என்ற தனி ஐஎஸ்ஓவே கிடைக்கிறது. என்டிஎஃப்எஸ், எக்ஸ்ட்4 இரண்டையும் சுருக்கும், நீட்டும், நகர்த்தும். விண்டோஸ் ஓடாத நேரத்தில் வேலை செய்வதால் எம்எஃப்டியையும் இடம் மாற்றிவிடும். டிஸ்க் மேனேஜ்மென்ட் 8 ஜிபியில் நின்ற இடத்தில் இது 100 ஜிபி சுருக்கிக் கொடுப்பதற்குக் காரணம் அதுதான். (பிட்லாக்கர் இல்லாத டிஸ்கில் மட்டும்.) சுருக்கியபின் முதல் முறை விண்டோஸ் திறக்கும்போது டிஸ்க் சோதனை ஓடும். அதை இடையில் நிறுத்தாதீர்கள்.

பார்ட்டிஷன் மேல் ஒரு பூட்டோ சாவியோ போலச் சின்னம் தெரிந்தால் அது மவுன்ட் ஆகியிருக்கிறது, அதாவது இயங்குதளம் அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் குற்றவாளி ஸ்வாப் (நினைவகம் போதாதபோது லினக்ஸ் பயன்படுத்தும் பார்ட்டிஷன்) தான். லைவ் சூழல் அதைத் தானாகவே எடுத்துக்கொண்டிருக்கும். ரைட் கிளிக் செய்து ஸ்வாப்ஆஃப் கொடுத்தால் பூட்டு விலகும். எம்பிஆர் டிஸ்கில் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனுக்குள் உபுண்டு இருந்தால் முதலில் அந்த வெளிப்பெட்டியை நீட்ட வேண்டும், பிறகு உள்ளே இருப்பதை. காலி இடம் கண்ணெதிரே இருந்தும் சேர்க்க முடியவில்லை என்று தவிப்பவர்களில் பலர் தவறவிடுவது இந்தப் படியைத்தான். என்டிஎஃப்எஸ் பக்கம் எச்சரிக்கை முக்கோணம் வந்தால் லினக்ஸிலிருந்து எதையும் வலுக்கட்டாயமாகச் செய்யாமல் விண்டோஸுக்குப் போய் டிஸ்க் சோதனை ஓட்டிவிட்டு வாருங்கள்.

இப்போது இடப்பக்கம் இழுக்கும் கதைக்கு வருவோம். அப்ளை கொடுக்கும் முன் ஜிபார்ட்டட்டே ஒரு எச்சரிக்கை காட்டும்: பார்ட்டிஷனை நகர்த்தினால் இயங்குதளம் பூட் ஆகாமல் போகலாம், அதிக நேரமும் ஆகலாம் என்று. பலரும் படிக்காமல் கடந்துவிடும் வரி அது. வலப்பக்கம் நீட்டும்போது பார்ட்டிஷன் அட்டவணையில் ஒரு எண் மாறுகிறது, கோப்பு முறைமை விரிகிறது, அவ்வளவுதான். இடப்பக்கம் இழுக்கும்போது தரவு துண்டு துண்டாகப் புதிய இடத்துக்கு நகலெடுக்கப்படுகிறது. புதிய இடமும் பழைய இடமும் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருப்பதால், எழுத எழுத பழைய நகல் அழிந்துகொண்டே போகும். நடுவில் மின்சாரம் நின்றாலோ பென்டிரைவ் கழன்றாலோ விட்ட இடத்திலிருந்து தொடர வழியில்லை. பாதி இங்கே, பாதி அங்கே என்று நிற்கும் அந்த நிலையில் டெஸ்ட்டிஸ்க் போன்ற மீட்புக் கருவியாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அது தொலைந்த அட்டவணையை மீட்கும். கலைந்த தரவை அடுக்காது.

ஆகவே மடிக்கணினி என்றால் சார்ஜர், டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ். முக்கியமான கோப்புகளுக்கு வேறொரு டிஸ்கில் நகல். அதே டிஸ்கின் இன்னொரு பார்ட்டிஷனில் வைப்பதை நகல் என்று கணக்கில் கொள்ளாதீர்கள்.

உபுண்டுவை நகர்த்தினாலும் அதன் யுயுஐடி (பார்ட்டிஷனின் தனி அடையாள எண்) மாறாது, ஆகவே யுஇஎஃப்ஐ முறையில் பூட் ஆகும் புதிய கணினிகளில் லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப் வழக்கமாகச் சிரமமின்றிக் கண்டுபிடித்துவிடும். சி டிரைவின் தொடக்கத்தை மட்டும் நகர்த்தவே வேண்டாம். எம்பிஆர் டிஸ்கில் விண்டோஸின் பூட் பதிவு, பார்ட்டிஷன் தொடங்கும் இடத்தை நினைவில் வைத்திருக்கிறது. அது மாறினால் விண்டோஸ் எழாது, ரிப்பேர் பென்டிரைவ் தேட வேண்டியிருக்கும்.

விண்டோஸுக்கான வெளி மென்பொருள்கள்

மினிடூல், ஈஸ்அஸ், ஏஓஎம்இஐ போன்றவை. பார்க்க அழகாக இருக்கும், இழுத்து விட்டால் போதும். இவை உதவுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: சி டிரைவுக்கும் காலி இடத்துக்கும் நடுவில் ரெக்கவரி பார்ட்டிஷன் மாட்டிக்கொண்டு, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் நீட்டும் பொத்தான் மங்கிக் கிடக்கும்போது. உபுண்டுவை நீக்கிவிட்டு விண்டோஸுக்கே இடத்தைத் திருப்பித் தருபவர்கள் இந்த நிலையில்தான் நிற்பார்கள்.

ஆனால் அதையும் ஜிபார்ட்டட் செய்யும். முன்னதாக விண்டோஸில் ரீஏஜென்ட்சி கட்டளையால் ரெக்கவரி சூழலை அணைத்துவிட்டு, பார்ட்டிஷனை நகர்த்தி, திரும்பி வந்து இயக்கினால் போதும். அந்த ரெக்கவரி பார்ட்டிஷனை வேண்டாத பொருளாக நினைத்து அழித்துவிடாதீர்கள். அதை மிகச் சிறியதாக்குவதும் வம்பு. 2024 ஜனவரியில் வந்த கேபி5034441 என்ற அப்டேட், அந்தப் பார்ட்டிஷனில் 250 எம்பி காலி இல்லாத கணினிகளில் ஏறவே மறுத்தது. எக்ஸ்ட்4 பார்ட்டிஷனைத் தொடும் வேலையை நான் இந்த மென்பொருள்களிடம் விட மாட்டேன். லினக்ஸ் கோப்பு முறைமைக்கு லினக்ஸில் வளர்ந்த கருவியே நம்பகம்.

டெர்மினல் வழியைப் பற்றிச் சுருக்கமாக. வலப்பக்கம் காலி இடம் இருந்தால் இதுவே வேகமானது. எக்ஸ்ட்4 மவுன்ட் ஆகியிருக்கும்போதே விரியும், பென்டிரைவே தேவையில்லை. சுருக்குவதற்கு மட்டும் டெர்மினலைப் பரிந்துரைக்க மாட்டேன். முதலில் கோப்பு முறைமையைச் சுருக்க வேண்டும், அப்புறம்தான் பார்ட்டிஷனை. வரிசை மாறினாலோ, இரண்டாவது எண்ணை முதலாவதைவிடச் சிறியதாகக் கொடுத்தாலோ தரவின் வால் அறுந்துவிடும். ஜிபார்ட்டட் இந்தக் கணக்கை நமக்காகப் போடுகிறது. இன்னொன்று: எக்ஸ்எஃப்எஸ் என்ற வேறொரு லினக்ஸ் கோப்பு முறைமையை இருக்கும் இடத்திலேயே சுருக்குவது நடைமுறையில் நடக்காது, நீட்டத்தான் முடியும்.

நகர்த்தாமலேயே தீர்ப்பது

எனக்குப் பிடித்த வழி இது. பலரும் யோசிக்காமல் விடுவதும் இதுதான். சி டிரைவைச் சுருக்கி வந்த காலி இடத்தை உபுண்டுவோடு ஒட்டவைத்தே ஆக வேண்டும் என்று யார் சொன்னது? அங்கேயே புதிதாக ஒரு எக்ஸ்ட்4 பார்ட்டிஷன் உருவாக்கி, உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் கோப்புறையை அதற்கு மாற்றிவிடலாம். இருக்கும் பார்ட்டிஷனில் ஒரு பைட்டும் நகராது. நடுவில் மின்சாரம் போனாலும் பழைய ஹோம் அப்படியே இருக்கும், நகலெடுப்பதை மறுபடி தொடங்கினால் போதும்.

லைவ் பென்டிரைவில் பூட் செய்து, உரிமைகளும் அனுமதிகளும் மாறாதபடி ஆர்சிங்க் கட்டளையால் நகலெடுங்கள். பூட் ஆகும்போது எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் புதிய பார்ட்டிஷனின் யுயுஐடியைச் சேர்த்துவிடுங்கள். பழைய ஹோமை உடனே அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றி வைத்து, அதே இடத்தில் ஹோம் என்ற பெயரில் ஒரு வெற்றுக் கோப்புறையை உருவாக்குங்கள். எல்லாம் சரியாக ஓடுகிறது என்று உறுதியான பிறகு பழையதை நீக்குங்கள். புதிய பார்ட்டிஷனை என்டிஎஃப்எஸ்ஸில் அமைத்து இரண்டு பக்கமும் பயன்படுத்தலாமே என்று சிலர் கேட்பார்கள். ஹோமுக்கு அது ஒத்துவராது, லினக்ஸின் கோப்பு அனுமதிகள் அங்கே ஒழுங்காக நிற்காது. படங்களும் வீடியோக்களும் வைக்கும் பொது டிரைவுக்குத்தான் என்டிஎஃப்எஸ் பொருத்தம்.

இதைச் செய்யும் முன், நிரப்பியது எது என்று பார்த்துவிடுங்கள். உபுண்டுவில் டிஸ்க் யூசேஜ் அனலைசரைத் திறந்தால் வட்டப்படமாகக் காட்டும். டாக்கர், ஸ்னாப், ஃப்ளாட்பேக் எல்லாம் ஹோமில் இல்லை, வேர்ப் பார்ட்டிஷனில் (உபுண்டுவே நிறுவப்பட்டிருக்கும் பார்ட்டிஷன்) வார் என்ற கோப்புறைக்குள் இருக்கின்றன. நிரப்பியது டாக்கர் என்றால் ஹோமை மாற்றிப் பயனில்லை. டாக்கரின் தரவுக் கோப்புறையைத்தான் புதிய பார்ட்டிஷனுக்குக் கொண்டுபோக வேண்டும். எக்ஸ்ட்4 வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட் என்ற நிர்வாகக் கணக்குக்கென ஒதுக்கி வைக்கும். 50 ஜிபியில் அது இரண்டரை ஜிபி. டியூன்2எஃப்எஸ் கட்டளையால் அதை 1 சதவீதமாக்கி, பழைய கெர்னல்களையும் ஜர்னல் பதிவுகளையும் கழித்தாலே அவசரத்துக்குப் போதுமான இடம் கிடைத்துவிடும். பார்ட்டிஷன் பக்கம் போகவே தேவையிருக்காது.

நிறுவும்போதே எல்விஎம் (பல பார்ட்டிஷன்களை ஒரே தொகுதியாகச் சேர்க்கும் முறை) தேர்ந்தெடுத்தவர்களுக்கும், பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையைப் பயன்படுத்துபவர்களுக்கும் இடம், வலம் என்ற கவலையே இல்லை. ஒட்டாத காலி இடத்தையும் தொகுதியில் சேர்த்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே விரித்துக்கொள்ளலாம். புதிதாக லினக்ஸ் போடப்போகிறவர்கள் இதை முன்கூட்டியே யோசிக்கலாம்.

ஆக, பிட்லாக்கர் இருந்தால் சுருக்குவது விண்டோஸில். எம்எஃப்டி தடுத்தால் ஜிபார்ட்டட்டில். காலி இடம் வலப்பக்கம் என்றால் தயங்காமல் நீட்டுங்கள். இடப்பக்கம் என்றால் புதிய பார்ட்டிஷன். வேர்ப் பார்ட்டிஷனே பெரிதாக வேண்டும், வேறு வழியில்லை என்கிறபோது மட்டும் நகர்த்துங்கள்.

வேலை முடிந்தபின் உபுண்டு பூட் ஆக வழக்கத்தைவிட ஒன்றரை நிமிடம் கூடுதலாக எடுத்தால் பயப்பட வேண்டாம். ஸ்வாப் பார்ட்டிஷனை அழித்துப் புதிதாக உருவாக்கியிருப்பீர்கள், அதன் யுயுஐடி மாறியிருக்கும். பழைய எண்ணைத் தேடித்தான் அது காத்திருக்கிறது. எஃப்எஸ்டேப்பில் புதிய எண்ணை எழுதுங்கள், பூட்டின் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு கோப்பு முறைமையின் அமைப்புகளில் ரெஸ்யூம் என்ற கோப்பு இருந்தால் அதிலும் மாற்றி, இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.